ஸ்காட்லாந்தில் சிதைந்த ஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் பழுதுபார்க்க விரும்பும் ஊர்க்குழுவினருக்கு ஒரு வழிகாட்டி

கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் பழைய ஆலயமும், அதைச் சுற்றிச் சாய்ந்தும் புதைந்தும் கிடக்கும் கல்லறைக் கற்களும் ஸ்காட்லாந்தின் பல சிற்றூர்களில் இருக்கின்றன. எடின்பரோ கோட்டை, ஸ்காரா பிரே போன்ற பெரிய சின்னங்களை ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்னும் அரசு சார்ந்த அமைப்பு நேரடியாகப் பராமரிக்கிறது; ஊர்ப்புறத்துச் சிறிய இடங்களுக்கோ ஊர்க்குழுக்களை விட்டால் பெரும்பாலும் வேறு நாதியில்லை. அத்தகைய குழு ஒன்றில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தாலும், புதிதாக ஒன்றைத் தொடங்க நினைத்தாலும் இக்கட்டுரை உங்களுக்கானது. ஃபைஃப் பகுதியில் அப்படியொரு குழுவின் எழுத்து வேலைகளைக் கவனித்தவன் என்ற முறையில், எந்தப் படிவத்தை எப்போது அனுப்புவது, யாரிடம் முதலில் கேட்பது, எதற்கு எவ்வளவு செலவாகும் என்று தெரியாமல் அலைந்த அலைச்சல் அடுத்தவர்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படிகளுக்குள் நுழையும் முன் ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் பணத்தைவிட நாட்காட்டியே அதிகம் படுத்தும். சுண்ணாம்புச் சாந்து வேலையை ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் நம்பிச் செய்யலாம். சுவரில் வௌவால்கள் தங்கியிருக்கின்றனவா என்று பார்க்கும் வௌவால் ஆய்வுக்கு உரிய காலம் மே முதல் செப்டம்பர் வரை. பறவைகள் கூடு கட்டும் காலம் மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீளும். அனுமதி விண்ணப்பத்துக்கும் நிதி விண்ணப்பத்துக்கும் தனித்தனியே இரண்டு மாதங்களாவது வேண்டும். இவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஓர் ஆண்டின் மே மாதத்தில் கொத்தனார் சாரம் ஏற வேண்டுமென்றால், முந்தைய ஆண்டின் கோடையிலேயே வௌவால் ஆய்வு முடிந்திருக்க வேண்டும், இலையுதிர்காலத்தில் வரைபடங்களும் மதிப்பீடுகளும் தயாராகியிருக்க வேண்டும், பனிக்காலத்தில் விண்ணப்பங்கள் போயிருக்க வேண்டும் என்பது விளங்கும். இதில் ஒரு கண்ணி அறுந்தால் ஒரு முழு ஆண்டு தள்ளிப்போகும்.

1. இடத்தின் சட்ட நிலையைக் கண்டறியுங்கள்

ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தின் இணைய வாயிலில் ஊர்ப் பெயரையோ வரைபடத்தையோ வைத்துத் தேடலாம், கட்டணம் இல்லை. நீங்கள் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த இடம் தேசிய முக்கியத்துவம் கருதிச் சட்டத்தால் பாதுகாக்கப்படும் ‘ஷெட்யூல்டு மானுமென்ட்’ என்னும் அட்டவணை நினைவுச்சின்னமா என்பது. ஸ்காட்லாந்தில் இவ்வகையில் சுமார் 8,000 இடங்கள் இருக்கின்றன. மற்றொன்று, அது கட்டடச் சிறப்புக்காகப் பட்டியலிடப்பட்ட கட்டடமா என்பது. இவை ஏறக்குறைய 47,000, ஏ, பி, சி என்று மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டவை. ஓர் இடம் இரண்டாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் அட்டவணைச் சின்னத்துக்கான சட்டமே மேலோங்கும். அந்தப் பணிகளுக்குப் பட்டியல் கட்டட அனுமதியைத் தனியே கேட்க வேண்டியதில்லை.

பதிவைத் திரையில் பார்த்ததோடு நில்லாமல், அதனுடன் இணைந்த ஆவணத்தையும் வரைபடத்தையும் பதிவிறக்கிச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். வரைபடத்தில் எல்லை சிவப்புக் கோட்டால் காட்டப்பட்டிருக்கும். கோட்டுக்குள் இருக்கும் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை என்று கொள்ள முடியாது. பாதையின் மேற்பரப்பிலிருந்து குறிப்பிட்ட சில சென்டிமீட்டர் ஆழம் வரை விலக்கு, தரைக்கு மேலுள்ள நவீன வேலிகளுக்கு விலக்கு, அடக்க உரிமை இன்னும் நடைமுறையில் இருக்கும் கல்லறை மனைகளுக்கு விலக்கு என்று விலக்குகள் எழுத்தில் இருக்கும். கல்லறை மனையை ஸ்காட்லாந்தில் ‘லேர்’ என்பார்கள். ஆவணங்களில் இச்சொல் அடிக்கடி வரும். உங்கள் பணியில் எது அனுமதிக்கு உட்பட்டது என்பதை ஆவணத்தின் இந்த விலக்குப் பத்தியே தீர்மானிக்கிறது.

பட்டியல் கட்டடம் மட்டும் என்றால் விண்ணப்பம் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி அமைப்பின் திட்டப் பிரிவுக்கு, ஸ்காட்லாந்து முழுமைக்கும் பொதுவான இணையவழித் திட்ட விண்ணப்பத் தளம் மூலம் செல்லும். அதற்கும் கட்டணம் இல்லை; முடிவுக்கு இரண்டு மாதங்கள் என்பது இலக்கு. பழையதைப் போலவே அதே பொருளைக்கொண்டு செய்யும் சிறு பழுதுபார்ப்புக்கு அனுமதி தேவைப்படாமல் போகலாம். ஆனால் அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், கவுன்சிலிடம் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. எந்தப் பட்டியலிலும் இல்லாத இடம் என்றால் எதையும் செய்யலாம் என்று எண்ணுவது முதலாவது. உரிமையாளர், மனித எச்சங்கள், வௌவால்கள், கண்டெடுக்கும் பொருள்கள் ஆகியவை பற்றிய சட்டங்கள் அங்கும் அப்படியே பொருந்தும். 2003 ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் நடமாட்ட உரிமையைத் தோண்டும் உரிமையாக எடுத்துக்கொள்வது இரண்டாவது. அந்தச் சட்டத்தின்படி ஒருவருடைய நிலத்தில் நீங்கள் பொறுப்போடு நடந்து செல்லலாம். மண்வெட்டியை இறக்கவோ உலோகம் கண்டறியும் கருவியை ஓட்டவோ அது இடம் தராது.

2. உரிமையாளர் யார் என்று உறுதிசெய்யுங்கள்

பழைய கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றைக் கவுன்சிலே நிர்வகிக்கிறது. ஆனால் தோட்டத்தின் நடுவில் நிற்கும் சிதைந்த ஆலயம், அதனுடன் ஒட்டிய குடும்பக் கல்லறைக் கட்டடம், அங்கே செல்லும் வண்டிப்பாதை ஆகிய மூன்றும் மூன்று பேருக்குச் சொந்தமாக இருக்கலாம். நிலப் பதிவுத் துறையின் இணையத் தேடலில் சிறு கட்டணத்தில் உரிமை ஆவணத்தைப் பெறலாம். பழைய நிலங்கள் புதிய பதிவேட்டில் ஏறாமல் இருப்பதும் உண்டு, அப்போது கவுன்சிலின் சொத்துப் பிரிவைத்தான் நாட வேண்டும். உரிமையாளரின் இசைவுக் கடிதத்தில் பணியின் விவரம், கால அளவு, வாகனம் செல்லும் வழி, கண்டெடுக்கும் பொருள்களும் பதிவுகளும் ஆவணக் காப்பகத்துக்குச் செல்வதற்கான சம்மதம் ஆகிய நான்கும் இருக்கட்டும். பக்கத்து வயலின் வழியாகச் சாரக் கம்பிகள் வர வேண்டியிருந்தால், அந்த விவசாயியிடமும் இப்போதே பேசிவிடுங்கள். அறுவடை நேரத்தில் போய்க் கேட்டால் வேலை நடக்காது.

3. இரண்டு பேருக்கு முன்கூட்டியே எழுதுங்கள்

ஒருவர் உங்கள் கவுன்சிலுக்கு ஆலோசனை தரும் தொல்லியலாளர். சில கவுன்சில்கள் தமக்கெனத் தனியே ஒருவரை வைத்திருக்கின்றன. மேற்கு ஸ்காட்லாந்தில் போலச் சில பகுதிகளில் பல கவுன்சில்கள் சேர்ந்து ஒரே சேவையைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளூர்த் தொல்லியல் பதிவேடும் இவர்களிடம்தான் இருக்கும். அதில் உங்கள் இடத்தைப் பற்றிய பழைய ஆய்வுகள், கண்டெடுப்புகள், வான்படங்கள் கிடைக்கலாம். மற்றவர் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தில் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான அலுவலர். விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனையை அந்த அமைப்பே ஊக்குவிக்கிறது. அதற்குக் கட்டணமும் கிடையாது.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். இடம், அதன் பதிவு எண், அதன் இப்போதைய நிலையைக் காட்டும் ஐந்தாறு படங்கள், என்ன செய்ய விரும்புகிறீர்கள், எப்போது என்ற விவரங்கள் போதும். நேரில் வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வந்து பார்க்கும் அலுவலர் அரை மணி நேரத்தில் சொல்வது உங்கள் குழுவின் பல மாதக் கடிதப் போக்குவரத்தைக் குறைத்துவிடும்.

ஆர்க்கியாலஜி ஸ்காட்லாந்து என்னும் தொண்டு நிறுவனம் நடத்தும் ‘அடாப்ட்-எ-மானுமென்ட்’ திட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே அணுகுங்கள். தொல்லியல் சின்னங்களைப் பேணும் ஊர்க்குழுக்களுக்கு வழிகாட்டவும் பயிற்சி தரவுமே அந்தத் திட்டம் இருக்கிறது. எங்களைப் போன்ற அனுபவமற்ற குழுக்களுக்கு அது பெரிய துணை.

4. குழுவைச் சட்டப்படி அமையுங்கள்

பெரிய நிதி பெற வேண்டுமானால் குழுவுக்கு எழுத்தில் அமைப்பு விதிகளும் வங்கிக் கணக்கும் வேண்டும். ‘ஸ்கியோ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்காட்லாந்துத் தொண்டு நிறுவன வடிவம் இதற்குப் பொருந்தும். குறைந்தது இரண்டு உறுப்பினர்களும் மூன்று அறங்காவலர்களும் தேவை, தொண்டு நிறுவன ஒழுங்காற்று அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவுக்குச் சில மாதங்கள் ஆகும், அதன் பிறகே வங்கிக் கணக்கு. ஆகவே வௌவால் ஆய்வு நடக்கும் கோடையிலேயே இதையும் தொடங்கிவிடுங்கள்.

பொதுப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒருவரும் கையுறை அணியக்கூடாது. கவுன்சில் நிலமென்றால் 50 இலட்சம் பவுண்டுக்கான காப்பீட்டைக் கேட்பது வழக்கம். காப்பீடு எடுக்கும்போது தோண்டுதல், சாரத்தில் ஏறுதல், பள்ளிப் பிள்ளைகள் பங்கேற்றல் ஆகியவை அடங்குமா என்று தனித்தனியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளோடு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பொறுப்பில் இருப்பவர்கள், பின்னணியைச் சரிபார்க்கும் ‘பிவிஜி’ திட்டத்தில் உறுப்பினராக இருப்பது 2025 ஏப்ரல் முதல் சட்டப்படி கட்டாயம்.

அண்மையில் குடியேறியவர்கள் தம் விசாவைக் கவனிக்க வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர்கள் தொண்டு செய்யலாம். ஆனால் குறித்த நேரத்துக்கு வந்தே தீர வேண்டும், குறித்த வேலையைச் செய்தே தீர வேண்டும் என்ற கட்டுப்பாடு உடைய ஊதியமில்லா வேலை, பாடக் காலத்தில் அனுமதிக்கப்பட்ட வார நேர வரம்புக்குள் கணக்கிடப்படும். பார்வையாளராக வந்திருக்கும் பெற்றோரோ உறவினரோ பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மொத்தம் 30 நாள் வரை உதவலாம். ஆனால் அதுவே பயணத்தின் முக்கிய நோக்கமாக இருக்கக்கூடாது. ஐயமிருந்தால் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரிடம் கேட்ட பிறகு பெயர் கொடுங்கள்.

5. எதையும் தொடும் முன் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு சுவரையும் நேர்முகமாக, அளவுகோல் தெரியும்படி, மேகமூட்டமான நாளில் படமெடுங்கள். வெயில் நிழல் விழுந்தால் காரையின் விரிசல்கள் படத்தில் மறைந்துவிடும். கல்லறைக் கற்களுக்கு இதற்கு நேர்மாறான ஒளி வேண்டும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எழுந்து நிற்கும். இதற்கு ஒரு கைவிளக்கும் கருப்புத் துணியும் போதும். எழுத்தைத் தெளிவாக்குவதற்காகச் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பது, கம்பித் தூரிகையால் உரசுவது, வெளுப்புத் திரவம் ஊற்றுவது ஆகிய மூன்றும் கல்லை அழிக்கும். மணற்கல்லின் மேற்பரப்பு உள்ளே நொறுங்கி, மேலே ஓர் ஏடுபோல மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஏட்டில்தான் பெயரும் ஆண்டும் இருக்கும். ஒரு முறை உரசினால் அது செதிலாக உதிர்ந்துவிடும். கல்லில் பாசிபோலப் படர்ந்துள்ள லைக்கன்களையும் விட்டுவிடுங்கள். அவற்றுள் மிக மெதுவாக வளர்பவையும் அரியவையும் உண்டு.

புல்லுக்கடியில் புதைந்த கல்லை வெளியே எடுக்கும் ஆசை எல்லாக் குழுக்களுக்கும் வரும். அட்டவணைச் சின்னத்தில் அதற்கும் அனுமதி வேண்டும் என்பதோடு, மண்ணின் காப்பில் இருந்த கல் வெளியே வந்த முதல் பனிக்காலத்திலேயே சேதமடையக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் இணையத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; இன்றைய வான்படத்தின்மேல் பழைய வரைபடத்தை ஏற்றிப் பார்க்கும் வசதி, காணாமற்போன சுவரின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தேசியத் தொல்லியல் பதிவுகளுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட கேன்மோர் தளம் 2025இல் மூடப்பட்டு, பதிவுகள் ட்ரோவ்.ஸ்காட் தளத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. பழைய கையேடுகளில் காணும் கேன்மோர் இணைப்புகளை நம்பி நேரத்தைச் செலவிடாதீர்கள். கேன்மோர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு புதிய தளத்தில் தேடுங்கள்.

6. வௌவால்கள், பறவைகள், ஐவிக் கொடி

ஸ்காட்லாந்தில் எல்லா வகை வௌவால்களும் அவற்றின் தங்கிடங்களும் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை. அந்த நேரத்தில் வௌவால் இல்லாவிட்டாலும் தங்கிடத்தை அழிப்பது குற்றம். பாழடைந்த சுவரின் விரிசல்கள் அவற்றுக்கு மிகவும் பிடித்த இடம். நீங்கள் சாந்தால் அடைக்க விரும்புவதும் அதே விரிசலைத்தான் என்பதால் இந்த ஆய்வைத் தவிர்க்க வழியில்லை. தகுதிபெற்ற சூழலியலாளர் கோடை மாலைகளில் வந்து எண்ணிப் பார்ப்பார். தங்கிடம் இருந்தால், இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சர்ஸ்காட்டின் உரிமம் பெற்ற பிறகே பணி. இதைப் பனிக்காலத்தில் நினைவுகூர்ந்தால் அடுத்த மே மாதம் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஐவிக் கொடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சுவரை மூடியிருக்கும் கொடியைப் பிடுங்குவது தொண்டர்கள் முதலில் செய்ய விரும்பும் வேலை. அதுவே மிகவும் ஆபத்தானதும்கூட. பல ஆண்டுகள் வளர்ந்த கொடியின் தண்டுகள் கற்களுக்கிடையே புகுந்து, சாந்து கரைந்துபோன சுவரைத் தாமே பிடித்து வைத்திருக்கும். பிடுங்கினால் கொடியோடு கல்லும் வரும். பழங்கட்டடங்களைப் பேணுவதில் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகு, சாரம் நிற்கும்போது, சாந்து வேலையோடு சேர்த்துப் பகுதி பகுதியாக அகற்ற வேண்டும். சுவரிலிருந்து ஏற்கெனவே கல் விழும் நிலை என்றால் முதல் செலவு வேலிக்கு. லின்லித்கோ அரண்மனை, செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் போன்ற இடங்களிலேயே உயரத்தில் உள்ள கற்களைச் சோதித்து முடிக்கும்வரை மக்கள் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. சிற்றூர் ஆலயத்துக்கு அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

7. அட்டவணை நினைவுச்சின்ன அனுமதி விண்ணப்பம்

இது நேரே ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்துக்குச் செல்கிறது, கவுன்சிலுக்கு அன்று. 1979 ஆம் ஆண்டு தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின்கீழ் பழுதுபார்த்தல், மாற்றுதல், சேர்த்தல், அகற்றுதல், மண் கொட்டுதல் அனைத்துக்கும் முன் அனுமதி வேண்டும். ‘பழுதுபார்ப்புதானே’ என்ற வாதம் இங்கே எடுபடாது. தகவல் பலகைக்குக் குழி தோண்டினாலும் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது குற்றம்.

விண்ணப்பக் கட்டணம் இல்லை. முடிவுக்கு இரண்டு மாதங்கள் என்று கணக்கிட்டுக்கொண்டு, கேள்விகள் வந்தால் மேலும் ஒரு மாதத்தை ஒதுக்கி வையுங்கள். எங்கள் அனுபவத்தில் தாமதத்துக்குக் காரணம் அலுவலகம் அன்று, முழுமையற்ற ஆவணங்களே. எனவே கீழ்க்கண்டவற்றைச் சேர்த்துவிட்டே அனுப்புங்கள்:

– சின்னத்தின் எல்லையும் பணியிடமும் தெளிவாகக் குறிக்கப்பட்ட வரைபடம்.
– நீங்கள் உரிமையாளர் அல்லர் என்றால், உரிமையாளருக்கு அறிவித்ததற்கான சான்றிதழ்.
– ஒவ்வொரு சுவரின் படத்தின்மேலும் எந்த இடத்தில் என்ன வேலை என்று எண்ணிட்டுக் குறித்த தாள். ‘தேவைப்படும் இடங்களில் சாந்து நிரப்பப்படும்’ என்று பொதுவாக எழுதினால் திரும்பி வரும்.
– செயல்முறை விளக்கமும் பொருள்களின் விவரமும்: எந்தச் சுண்ணாம்பு, எந்த மணல், என்ன விகிதம், எந்தக் கல்.
– பொறியாளர் அறிக்கை, தேவைப்பட்டால் தொல்லியல் பணித்திட்டம்.
– பணியை ஏன் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற ஒரு பக்க விளக்கம்.

சாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாரம் அமைப்பவர் வழக்கம்போலச் சுவரில் துளையிட்டுக் கொக்கி பதித்தால் அது அனுமதியற்ற சேதமாகிவிடும். தானே நிற்கும் சாரம், அடியில் மண்ணைத் தோண்டாமல் பலகை பரப்பிய தளம், கல்லறைக் கற்களைச் சுற்றிப் பாதுகாப்புப் பெட்டி ஆகியவற்றை விண்ணப்பத்திலும், சாரக்காரருக்கான விலைக் கோரலிலும் ஒரே சொற்களில் எழுதுங்கள்.

அனுமதிக் கடிதம் வந்ததும் நிபந்தனைகளைத் தனித்தாளில் எடுத்தெழுதுங்கள். மாதிரிச் சாந்துப் பரப்பைச் செய்து காட்டி ஒப்புதல் பெறுதல், தொடங்கும் தேதியை முன்கூட்டி அறிவித்தல் போன்றவை வேலை தொடங்கும் முன்பே நிறைவேற வேண்டியவையாக இருக்கலாம். அனுமதி காலாவதியாகும் நாளும் கடிதத்தில் இருக்கும்.

8. கல்லும் சுண்ணாம்பும்

என்னைப் பொறுத்தவரை முழுப் பணியின் உயிர் இதில்தான் இருக்கிறது. பழைய ஸ்காட்லாந்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. கல்லுக்குள் புகும் மழைநீர், கல்லைவிட மென்மையான சாந்து இணைப்புகளின் வழியே வெளியேறி உலரும். அதே இணைப்புகளைச் சிமென்டால் நிரப்பினால் நீர் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கும். உறைபனியில் விரியும், உப்பைக் கொண்டுவந்து மேற்பரப்பில் சேர்க்கும். சிமென்ட் கோடு மட்டும் வலைபோல நிற்க, நடுவிலிருக்கும் மணற்கல் உள்வாங்கிக் குழிந்துபோன சுவர்களை எந்த ஊரிலும் காணலாம். பெயர்பெற்ற கட்டடங்களும் இதற்கு விலக்கல்ல. கட்டடக் கலைஞர் மெக்கின்டாஷ் ஹெலன்ஸ்பரோவில் வடிவமைத்து 1904இல் முடிந்த ஹில் ஹவுஸ், சிமென்ட் கலந்த வெளிப்பூச்சால் நீர் தேங்கிக் கரையத் தொடங்கியதால், ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 2019இல் அந்த வீடு முழுவதையும் உலோக வலையாலான பெரிய கூண்டுக்குள் வைத்து உலர்த்த வேண்டியதாயிற்று.

முதல் வேலை, இருக்கும் சாந்தின் மாதிரியைப் பகுப்பாய்வுக்கு அனுப்புவது. ஃபைஃபின் சார்லஸ்டவுனில் உள்ள ஸ்காட்டிஷ் லைம் சென்டர் டிரஸ்ட் இதைச் செய்கிறது; சுண்ணாம்பு வேலைக்கான பயிற்சியும் அங்கே உண்டு. மாற்றுக் கல் தேவைப்பட்டால் எடின்பரோவில் உள்ள பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் பழைய கல்லுக்குப் பொருந்தும் கல் எந்தச் சுரங்கத்தில் கிடைக்கும் என்று ஆய்ந்து சொல்லும். இரண்டும் கட்டணச் சேவைகள். அட்டவணைச் சின்னத்தில் மாதிரிக்காகச் சாந்தைப் பெயர்ப்பதற்கு முன்பும் அலுவலரிடம் கேளுங்கள். கீழே தானாக உதிர்ந்து கிடக்கும் துண்டே பெரும்பாலும் போதுமானது.

கடையில் வாங்கும்போது கவனம் தேவை. கட்டுமானப் பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘ஹைட்ரேட்டட் லைம்’ பொடி, சிமென்ட் கலவையை இளக்குவதற்காகச் சேர்ப்பது. உங்களுக்கு வேண்டியது அன்று. நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு 2, 3.5, 5 என்று வலிமை எண்களோடு வரும். எண் கூடக் கூடக் கடினம் கூடும். மென்மையான கல்லுக்கு வலிமை மிகுந்த சுண்ணாம்பைத் தேர்ந்தால் சிமென்டின் தீமையில் ஒரு பங்கு திரும்ப வரும். சுட்ட சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சூடாகக் கலக்கும் பழைய முறையையும் இப்போது பல கொத்தனார்கள் மீண்டும் கையாளுகிறார்கள். ஆனால் அது கண்ணையும் தோலையும் எரிக்கக்கூடியதாகையால் தொண்டர்களின் கையில் கொடுக்க வேண்டாம்.

வேலை நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் கொத்தனாரிடம் சரியான கேள்விகளைக் கேட்கலாம். பழைய சாந்தை உளியாலும் கையாலும் மட்டும் எடுக்க வேண்டும். சுழலும் வெட்டுக் கருவி கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்காவது சுரண்டி, தூசியைக் கழுவி, கல்லை நனைத்த பிறகே புதிய சாந்து. பெரிய இடைவெளிகளைச் சாந்தால் மட்டும் நிரப்பாமல் சிறு கற்சில்லுகளை அடித்துச் செருக வேண்டும். ‘பின்னிங்’ எனப்படும் இந்தச் சில்லுகள் ஸ்காட்லாந்துக் கட்டுவேலையின் தனித்தன்மை, அவற்றை விட்டுவிட்ட சுவர் பார்வைக்கே அந்நியமாக இருக்கும். சாந்து விரலால் அழுத்தினால் பதியாத பதத்துக்கு வந்ததும் முரட்டுத் தூரிகையால் தட்ட வேண்டும். பிறகு ஈரச் சாக்குத்துணியைத் தொங்கவிட்டு, நாள்தோறும் நீர் தெளித்து மெல்ல உலரவிட வேண்டும். தமிழ்நாட்டில் சுண்ணாம்புக் காரை வேலையைப் பார்த்தவர்களுக்கு இதுவரை எல்லாம் பழகியதாகத் தோன்றும், புதியது உறைபனிதான். வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போகும்போது வேலை கூடாது. முடிந்த வேலை இறுகும் வாரங்களிலும் உறைபனி படக்கூடாது. செப்டம்பர் கடைசியில் ‘இன்னும் ஒரு சுவர்தான்’ என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுவரின் உச்சிக்குப் பலர் கெட்டியான சாந்துப் பூச்சையே எண்ணுவார்கள். புல் படர்ந்த மண்கட்டிகளை அடுக்கி மூடும் முறையையும் பொறியாளரிடம் கேட்டுப் பாருங்கள். மழையை உறிஞ்சி, உறைபனியின் ஏற்ற இறக்கத்தைத் தணித்து, செலவையும் குறைக்கும்.

9. அகழாய்வு

ஊர்க்குழு தானாகத் தோண்டக்கூடாது. தகுதிபெற்ற தொல்லியலாளர் ஒருவரை அமர்த்தி, அவர் எழுதும் பணித்திட்டத்தைக் கவுன்சில் தொல்லியலாளரும், அட்டவணைச் சின்னமானால் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தும் ஏற்ற பிறகே மண்ணைத் தொட வேண்டும். என்ன கேள்விக்கு விடை தேடுகிறோம், அதற்கு எத்தனை சிறிய குழி போதும் என்று அதில் இருக்க வேண்டும். ‘என்ன இருக்கிறது என்று பார்ப்போம்’ என்ற நோக்கத்துக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. தோண்டிய மண்ணடுக்கை மீண்டும் அடுக்க முடியாது. மண்ணைத் தோண்டாமல் மின்தடை, காந்தப்புலம் ஆகியவற்றை அளக்கும் ஆய்வுக்கும் அட்டவணைச் சின்னத்தில் 1979 சட்டத்தின் 42 ஆம் பிரிவின்கீழ் எழுத்து அனுமதி வேண்டும். உலோகம் கண்டறியும் கருவிக்கும் அதே பிரிவுதான்.

கண்டெடுக்கும் பொருள்கள் பற்றிய ஸ்காட்லாந்துச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வேறுபட்டது. இங்கிலாந்துக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஸ்காட்லாந்தில் பொன், வெள்ளி மட்டுமல்லாமல் மட்பாண்டத் துண்டு, கல்லாயுதம், செதுக்கிய கல் என்று உரிமையாளர் இல்லாத எந்தத் தொல்பொருளும் அரசுடைமையே. கண்டெடுத்தவருக்கோ நில உரிமையாளருக்கோ அதில் உரிமை இல்லை. எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இயங்கும் ட்ரெஷர் ட்ரோவ் பிரிவுக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். எந்த அருங்காட்சியகத்துக்கு அது செல்லும் என்பதை அதற்கான முறையே தீர்மானிக்கும். அகழாய்வில் கிடைத்தவற்றை உங்கள் தொல்லியலாளர் அறிவிப்பார். தொண்டர் ஒருவர் புல்லில் பொறுக்கிய ஒற்றை நாணயமும் இதில் சேரும் என்பதை முதல் நாளிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மனித எலும்பு வெளிப்படும் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள். கல்லறையைக் கலைப்பது ஸ்காட்லாந்தின் பொதுச் சட்டப்படி குற்றம். எதிர்பாராமல் எலும்பு தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள், மூடி வையுங்கள், படத்தைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம். தொல்லியலாளருக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள். அவை யாரோ ஒருவரின் பாட்டன் பாட்டியின் எலும்புகள். அந்தக் குடும்பம் இன்றும் அதே தெருவில் வசிக்கலாம்.

உடல்நலத்தில் உண்ணியை மறவாதீர்கள். உயர்ந்த புல்லில் ஒட்டும் உண்ணிகள் லைம் நோயைப் பரப்பக்கூடியவை. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, வீட்டுக்குத் திரும்பியதும் உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

10. செலவும் நிதியும்

அனுமதி விண்ணப்பங்களும் ட்ரெஷர் ட்ரோவ் அறிவிப்பும் இலவசம். பணம் போவது சாரம், கொத்தனார், பொறியாளர், சூழலியலாளர், தொல்லியலாளர் ஆகியோரிடம். சிறிய ஆலயங்களில் சாரத்தின் வாடகையே பெரிய தொகையாவதால், ஒரு முறை சாரம் எழுப்பினால் உயரத்து வேலை அனைத்தையும் அதிலேயே முடிக்குமாறு திட்டமிடுங்கள்.

அகழாய்வில் குழியை மூடிய பிறகே செலவின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. பொருள்களைக் கழுவி ஆய்தல், மண் மாதிரிகளைச் சலித்தல், ரேடியோ கார்பன் காலக்கணிப்பு, அறிக்கை, காப்பகப்படுத்தல் ஆகியவை களப்பணி அளவுக்கோ அதற்கு மேலோ செலவு வைக்கும். காலக்கணிப்புக்கு ஒரு மாதிரிக்கே சில நூறு பவுண்டுகள் ஆகும். தொல்லியலாளர் தரும் விலை மதிப்பீட்டில் இவை தனித்தனி வரிகளாக இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள். ஒவ்வொரு விலையிலும் 20 விழுக்காடு வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வாட் வரிக்குப் பதிவு பெறாத குழு அதைத் திரும்பப் பெற முடியாது, முழுத் தொகையும் நிதித் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

தேசிய லாட்டரி மரபு நிதியம் 10,000 முதல் 2,50,000 பவுண்டு வரையிலான விண்ணப்பங்களுக்கு எட்டு வாரங்களில் முடிவு சொல்கிறது. ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தும் பழுதுபார்ப்புக்கும் தொல்லியலுக்கும் தனித்தனி நிதித் திட்டங்களை நடத்துகிறது. நிதி ஒப்புதலுக்கு முன் தொடங்கிவிட்ட வேலைக்குப் பின்னோக்கிப் பணம் கிடைப்பதில்லை. ‘தொடங்கலாம்’ என்ற எழுத்து ஒப்புதல் வரும்வரை கொத்தனாருக்கு முன்பணம்கூடத் தராதீர்கள்.

11. அறிக்கையும் காப்பகமும்

களப்பணி முடிந்ததும் தொல்லியலாளர் முதல்நிலை அறிக்கையை எழுதி, ஓயாசிஸ் என்னும் இணையப் பதிவேட்டில் ஏற்றுவார். ஆர்க்கியாலஜி ஸ்காட்லாந்து ஆண்டுதோறும் வெளியிடும் அகழாய்வுத் தொகுப்புக்கும் ஒரு சுருக்கம் செல்லும். சுவர் வேலையின் பதிவைக் குழுவே செய்ய வேண்டும்: வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள், பயன்படுத்திய சாந்தின் விகிதம், மணலும் சுண்ணாம்பும் வாங்கிய இடம், தேதிகள். இதன் நகல்களைக் கவுன்சிலின் தொல்லியல் பதிவேட்டுக்கும் உரிமையாளருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். நிதியின் கடைசித் தவணைக்கு அதைக் கேட்பார்கள். முதல் பனிக்காலம் கழிந்த ஏப்ரலில் கொத்தனாரோடு ஒருமுறை சென்று ஒவ்வோர் இணைப்பையும் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தின் குறை நீக்கும் காலம் முடிவதற்குள் குறைகளை எழுத்தில் கொடுங்கள்.